அறுபத்து நான்கு கட்டங்களும் ஒரு குடும்பமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோர், தமீமுல் அன்சாரி தர்கா அமைந்துள்ள கோவளத்தைக் கடந்து, சவுக்குத் தோப்புகளையும் மீனவர் குப்பங்களையும் பார்த்தவாறே மாமல்லபுரம் வந்து சேர்வர். செங்கல்பட்டிலிருந்து வருவோருக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக இன்னொரு பாதை உண்டு. அந்தப் பாதை மாமல்லபுரத்தைத் தொடும் இடத்தில் இருக்கும் சிற்றூர்தான் பூஞ்சேரி. உளியோசைக்குப் பெயர்பெற்ற கற்றளிகளின் ஊருக்குப் பக்கத்தில் இப்படியோர் ஊர் இருப்பதை 2022-ஆம் ஆண்டுக்கு முன் வெளியூரார் அறிந்திருக்க நியாயமில்லை. அந்த ஆண்டு சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை உலகின் சதுரங்க வீரர்கள் அனைவரும் அந்தப் பூஞ்சேரியில்தான் கூடியிருந்தனர்.

44-ஆவது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடைபெற வேண்டியது. உக்ரைன் போர் மூண்டதும் 2022 பிப்ரவரி இறுதியில் அந்த வாய்ப்பு ரஷ்யாவின் கையை விட்டுப் போயிற்று. மார்ச் மாத நடுவில் அது சென்னைக்கு வழங்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு நடத்த வேண்டிய ஒரு விழாவைத் தமிழக அரசு ஏறத்தாழ நான்கே மாதங்களில் நடத்திக் காட்டியது. பூஞ்சேரியில் உள்ள நட்சத்திர விடுதி ஒன்றின் வளாகத்தில் ஏற்கெனவே இருந்த அரங்கோடு, புதிதாக ஒரு பெரிய அரங்கமும் எழுந்தது. பொதுப்பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162 அணிகள். வேட்டி சட்டையுடன் கைகூப்பி நிற்கும் 'தம்பி' என்னும் குதிரைப் பொம்மையைச் சாலையெங்கும் கண்ட குழந்தைகள், பெற்றோரிடம் சதுரங்கப் பலகை கேட்டு அடம் பிடித்தனர். விளைவு, நம் வீடுகள் பலவற்றில் இன்று ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. "பிள்ளைக்குச் செஸ் நன்றாக வருகிறது என்கிறார்கள், அதிலேயே விட்டுவிடலாமா?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. கிராண்ட் மாஸ்டர் என்னும் பட்டத்தின் பின்னே என்னென்ன இருக்கின்றன என்பதை அறிந்துகொண்டால், பெற்றோர் தாமே முடிவெடுக்கக் கூடும்.

ஆகஸ்டு 8-ஆம் நாள்

போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியா ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைக் களமிறக்கியது. இரண்டாம் அணியில் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரௌனக் சாத்வானி ஆகிய நான்கு இளைஞர்கள். அவர்களோடு நாகப்பட்டினத்தில் பிறந்த அதிபன். இவர்களில் அதிபன் ஒருவரே இருபது வயதைத் தாண்டியவர். பயிற்சியாளர் சென்னையைச் சேர்ந்த ஆர்.பி.ரமேஷ். தரவரிசைப்படி இந்த அணிக்குப் பதினோராவது இடம். "சின்னப் பையன்கள், ஆடிப் பழகட்டும்" என்றுதான் பலரும் எண்ணியிருப்பர்.

முதல் பலகையில் அமர்ந்த குகேஷுக்கு அப்போது வயது 16. முதல் எட்டு ஆட்டங்களிலும் அவர் வென்றார். எட்டாம் சுற்றில் எதிரே அமர்ந்தவர், 2018-இல் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனுடன் மோதிய அமெரிக்க வீரர் ஃபாபியானோ கருவானா. அவரும் வீழ்ந்தார். போட்டியின் முதல்தர அணியாகிய அமெரிக்காவை இந்தச் சிறுவர்கள் 3-1 என்று சாய்த்தனர்.

பத்தாம் சுற்று ஆகஸ்டு 8-ஆம் நாள். எதிரே உஸ்பெகிஸ்தான். இமாம் புகாரீ அவர்களின் மண்ணிலிருந்து வந்த அந்த அணியும் இளைஞர் அணியே, தரவரிசையில் பதினான்காவது. அதன் முதல் பலகை வீரர் நோதிர்பெக் அப்துசத்தோரோவ், 2021-இன் இறுதியில் 17 வயதிலேயே உலக அதிவேகச் சதுரங்கப் பட்டம் வென்றவர். குகேஷின் கையே ஓங்கியிருந்தது. அமைதியாகச் சமன் செய்துகொள்ளும் வாய்ப்பு இருந்தும் அவர் வெற்றியையே நாடினார். மணிக்கணக்கில் நீண்ட ஆட்டம். கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. அந்த நெருக்கடியில் ஒரு குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆட்டம் அவ்வளவோடு கைநழுவியது. முகத்தைக் கைகளில் புதைத்தபடி அந்தச் சிறுவன் பலகையின் முன் அமர்ந்திருந்த படத்தைப் பத்திரிகைகளில் கண்டவர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள்.

பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றதால் அந்தச் சுற்று 2-2 எனச் சமனில் முடிந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று, வெள்ளி அர்மீனியாவுக்கு, இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம். பதினொரு ஆட்டங்களில் 9 புள்ளிகள் பெற்ற குகேஷ் முதல் பலகைக்கான தனிநபர் தங்கத்தையும், நிஹால் சரின் இரண்டாம் பலகைக்கான தங்கத்தையும் பெற்றனர். வெண்கலம் வென்ற இரண்டு இந்திய அணிகளுக்கும் தமிழக அரசு தலா ஒரு கோடி ரூபாய் வழங்கியது. ஆயினும் அன்றைய இரவு அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பட்டம் எப்படிக் கிடைக்கிறது?

கிராண்ட் மாஸ்டர் என்பது ஒரே போட்டியில் வென்று பெறும் பரிசன்று. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1950-இல் முதன்முதலாக 27 பேருக்கு இப்பட்டத்தை வழங்கியது. இன்றைய விதிப்படி இதனைப் பெற விழைவோர் இரண்டு மதில்களைத் தாண்ட வேண்டும். ஒன்று, ஆட்டத்திறனை அளக்கும் 'ரேட்டிங்' என்னும் மதிப்பெண் எப்போதேனும் ஒருமுறை 2500-ஐத் தொட்டிருக்க வேண்டும். மற்றொன்று, 'நார்ம்' எனப்படும் தகுதித் தேர்ச்சி மூன்று. ஒன்பது சுற்றுகள் கொண்ட ஒரு போட்டியில் 2600 மதிப்பெண் உடைய ஒருவர் எவ்வாறு ஆடுவாரோ அத்தரத்தில் ஆடிக் காட்டினால் ஒரு நார்ம் கிடைக்கும். எதிராளிகளில் மூவரேனும் கிராண்ட் மாஸ்டர்களாக இருக்க வேண்டும். பல நாட்டினரும் கலந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் குடும்பத்தின் பணப்பை அவிழ்கிறது. உள்ளூர்ப் போட்டிகளில் ஆடிக்கொண்டே இருந்தால் பல நாட்டுக் கிராண்ட் மாஸ்டர்கள் எதிரே வந்து அமரமாட்டார்கள். ஸ்பெயின், ஹங்கேரி, செர்பியா, துபாய், அபுதாபி என்று தேடிப்போக வேண்டும். விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், நுழைவுக் கட்டணம், பயிற்சியாளர் ஊதியம் எல்லாம் நம்முடையவை. பிள்ளை பத்து வயதுச் சிறுவன் என்றால் கூடவே ஒரு பெரியவரும் போக வேண்டும். எட்டு சுற்றுகள் சிறப்பாக ஆடி ஒன்பதாவதில் தோற்றால் நார்ம் போயிற்று. அடுத்த போட்டிக்கு மீண்டும் முதலிலிருந்து. இப்படி அரைப் புள்ளியில் தவறவிட்டவர்களின் கதைகளைச் சதுரங்க வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

பட்டம் கிடைத்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் நிற்கும், யாரும் பறிக்கமாட்டார்கள். மதிப்பெண் அப்படியன்று. ஒவ்வொரு தோல்விக்கும் அது குறையும். பட்டம் வாங்கிய அன்றே ஓய்ந்து போனவர்களும் உண்டு.

இந்தியாவில் இப்பட்டத்தை முதலில் பெற்றவர் நம் சென்னையின் விசுவநாதன் ஆனந்த், ஆண்டு 1988. அன்னை சுசீலாவிடம் ஆறு வயதில் ஆட்டம் கற்றவர் அவர். அவருக்கு முன்பே 1961-இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரான மேனுவல் ஆரோன் சென்னையில் ஒரு தலைமுறையையே உருவாக்கியிருந்தார். சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில் ஆனந்த் ஆடிப் பழகியதும் அந்தச் சூழலில்தான். ஆனந்துக்குப் பின் இரண்டாவது கிராண்ட் மாஸ்டராகக் கல்கத்தாவின் திவ்யேந்து பரூவா வர 1991 ஆயிற்று; மூன்றாமவர் பிரவீண் திப்சே வந்தது 1997-இல். பத்தாண்டில் மூவர்! இன்றோ ஆண்டுக்குப் பலர் வருகின்றனர். எண்ணிக்கை பெருகப் பெருக, பட்டம் மட்டுமே சோறு போடும் என்ற நிலை மாறிவிட்டது என்பதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

மருத்துவம் ஒதுக்கிய தந்தை

குகேஷின் தந்தை ரஜினிகாந்த் காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர். தாயார் பத்மா நுண்ணுயிரியல் துறையில் பணிபுரிபவர். மகன் போட்டிகளுக்காக நாடு நாடாகச் செல்ல வேண்டிய காலம் வந்தபோது, தந்தை தம் மருத்துவத் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு மகனுடன் புறப்பட்டார். வீட்டுச் செலவு தாயாரின் ஊதியத்தை நம்பி நின்றது. நண்பர்களின் உதவியும் தேவைப்பட்டது. மகனோ நான்காம் வகுப்புக்குப் பின் முழுநேரப் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டான். படித்த பெற்றோர், அதிலும் மருத்துவத் துறையினர், இப்படி ஒரு முடிவெடுத்தது உறவினர்களிடையே என்னென்ன பேச்சுகளை எழுப்பியிருக்கும்!

2019 சனவரி 15-இல் குகேஷ் கிராண்ட் மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். உலகின் மிக இளைய கிராண்ட் மாஸ்டர் என்னும் சாதனை 17 நாட்களில் தவறியது. கணினி எஞ்சின்களின் துணையின்றித் தன் மூளையாலேயே கணக்கிட வேண்டும் என்று பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அந்தச் சிறுவனைப் பழக்கியிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் கணினியின் முன் குந்தியிருக்கும் காலத்தில் இது துணிச்சலான முறைதான்.

பிரக்ஞானந்தாவின் வீட்டுக் கதை வேறு. தந்தை ரமேஷ்பாபு போலியோவால் பாதிக்கப்பட்டவர்; கூட்டுறவு வங்கி ஊழியர். மகள் வைஷாலி தொலைக்காட்சியின் முன்னே நெடுநேரம் அமர்ந்திருப்பதைத் தடுக்கவே அவளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்காளைப் பார்த்துத் தம்பியும் பலகையைப் பிடித்துக்கொண்டான். அவன் 2018 சூன் மாதத்தில், 13 வயது நிறையும் முன்னே, கிராண்ட் மாஸ்டரானான். வெளிநாடுகளுக்குப் பிள்ளைகளுடன் செல்பவர் தாயார் நாகலட்சுமி. போகுமிடமெல்லாம் சோறு பொங்கும் மின்பாத்திரத்தையும் எடுத்துச் செல்வார். அந்நிய நாட்டின் குளிரில், விடுதி அறையில், பிள்ளைக்குச் சோறும் ரசமும் ஆக்கிக் கொடுத்துவிட்டு, அரங்கின் ஓரத்தில் கைகட்டி அமர்ந்திருக்கும் அந்தத் தாய்க்கு ஆட்டத்தின் நுட்பங்கள் எதுவும் தெரியாது என்பர். மகனின் முகத்தைப் படிக்கத் தெரிந்தால் போதாதா?

இந்த இரு குடும்பங்களும் கரை சேர்ந்துவிட்டன. அதனால் இவை செய்தியாகின்றன. இதே அளவு தியாகம் செய்து, பிள்ளை 2300 மதிப்பெண்ணில் நின்றுவிட, பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பலகையை மடித்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களின் படங்கள் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை ஆட அனுப்பலாமா என்று யாரேனும் கேட்டால், வேண்டாம் என்றே இக்கட்டுரையாளன் சொல்வான்.

வயிற்றுப்பாடு

உலகின் முதல் இருபது முப்பது பேருக்குப் பரிசுத்தொகை நிறைந்த அழைப்புப் போட்டிகள் உண்டு. அவர்களுக்குக் கீழே உள்ள கிராண்ட் மாஸ்டர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள்? திறந்தநிலைப் போட்டிகளில் கிராண்ட் மாஸ்டர்களுக்கு நுழைவுக் கட்டணம் தள்ளுபடி. பல இடங்களில் உணவும் உறைவிடமும் இலவசம். முதல் சில இடங்களில் வந்தால் பரிசு கிட்டும். இல்லையேல் வந்த செலவு கூடத் தேறாது. ஜெர்மனியின் புந்தஸ்லிகா போன்ற ஐரோப்பியக் கிளப் போட்டிகள் பருவத்துக்கு ஒரு தொகை தருகின்றன. நம் நாட்டில் பெட்ரோலிய நிறுவனங்கள், இரயில்வே போன்றவை விளையாட்டு வீரர்களுக்கு வேலை வழங்கி வந்திருக்கின்றன. ஒரு நல்ல உத்தியோகம் கையில் இருந்தால் ஆட்டத்தில் அச்சமின்றி ஈடுபடலாம் என்பது முந்தைய தலைமுறையின் கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றிப் போட்டவர் ஆர்.பி.ரமேஷ். 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றவர். மறு ஆண்டு கிராண்ட் மாஸ்டர் ஆனவர். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் பணி. 2008-இல் அந்த வேலையை உதறிவிட்டு, சதுரங்க வீராங்கனையான தம் மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் அவர் கைப்பட வளர்ந்தவர்களே. தாம் ஆடி அடைய இயலாத உயரங்களைத் தம் மாணவர் அடையக் காண்பதற்கு ஒரு தனி மனம் வேண்டும். இன்று தமிழகத்துக் கிராண்ட் மாஸ்டர்களில் பலருக்குப் பயிற்சியளிப்பதே முதன்மையான வருவாய் என்பதில் வியப்பில்லை.

அரசின் பங்கையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. பள்ளிகளில் 7 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்கும் திட்டம் பத்தாண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் தொடங்கியது. ஒலிம்பியாட்டை முன்னிட்டு அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடைபெற்றன. கட்சி எதுவாயினும் இந்த ஒரு விஷயத்தில் அடுத்தடுத்து வந்த அரசுகள் ஒன்றன் வேலையை மற்றொன்று தொடர்ந்திருக்கின்றன. இது நம் நாட்டில் அரிது.

பக்தாதிலிருந்து லண்டன் வரை

இந்த ஆட்டம் இந்தியாவில் 'சதுரங்கம்' எனப் பிறந்து, பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆகி, அரபியர் கையில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-அத்லீ இதற்கென ஒரு நூலே எழுதினார். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் கலீஃபாக்கள் அவையில் அபூபக்கர் அஸ்-ஸூலீ என்னும் அறிஞர் நிகரற்ற ஆட்டக்காரராகத் திகழ்ந்தார். அவர் விட்டுச் சென்ற ஒரு புதிருக்கு விடை காண ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. விடுவித்தவர் இருபதாம் நூற்றாண்டு ரஷ்யக் கிராண்ட் மாஸ்டர் அவர்பாக். இன்று ராணி நிற்கும் கட்டத்தில் அன்று 'ஃபிர்ஸான்' என்னும் அமைச்சர் நின்றார். மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்வதோடு அவர் அதிகாரம் முடிந்தது. நம் வீடுகளில் கோட்டைக் காயை யானை என்கிறோம். அரபியரின் 'ஃபீல்' என்னும் யானை நின்ற இடத்திலோ இன்று பிஷப் நிற்கிறது. 'ஷாஹ் மாத்' என்ற சொல்லே ஐரோப்பியர் நாவில் 'செக்மேட்' ஆயிற்று.

இந்த ஆட்டம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே தொன்றுதொட்டே கருத்து வேறுபாடு இருந்து வருகிறது. பணயம் வைத்து ஆடுவது கூடாது என்பதிலும், தொழுகையையும் கடமைகளையும் அது விழுங்கிவிடக் கூடாது என்பதிலும் வேறுபாடு இல்லை. ஐயமுள்ளோர் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை.

நம் துணைக்கண்டத்திலிருந்து உலகை வியக்க வைத்த முதல் ஆட்டக்காரர் ஒரு முஸ்லிம் என்பதைப் பலர் அறியார். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், சர் உமர் ஹயாத் கான் என்னும் பிரபுவின் ஆதரவில் 1929-இல் லண்டன் சென்றார். இந்திய முறைப்படி ஆடிப் பழகிய அவருக்கு ஐரோப்பிய விதிகள் புதியவை. ஆயினும் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியனானார். பின்னர் 1932-இலும் 1933-இலும் மீண்டும் வென்றார். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் காபபிளாங்காவையே தோற்கடித்தார். பிரபு தாயகம் திரும்பியபோது அவரும் திரும்பினார். அத்தோடு உலக அரங்கில் அவர் ஆட்டம் முடிந்தது. சர்கோதாப் பகுதியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்து 1966-இல் காலமானார். ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024 பிப்ரவரியில். இறந்து 58 ஆண்டுகள் கழித்து!

அதே பிரபுவின் வீட்டிலிருந்து சென்ற ஃபாத்திமா என்னும் இளம்பெண் 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார் என்பதும் ஏட்டில் உள்ள செய்தியே. அவரும் அத்தோடு வரலாற்றிலிருந்து மறைந்துபோனார். திறமை இருந்தது, ஆட்டத்தைத் தொடர்வதற்கான பிழைப்பு இல்லை. தொழில்முறை வீரர் என்ற ஒரு வாழ்க்கை அன்று இவர்களுக்கு வாய்க்கவில்லை.

தாய்மையும் போட்டியும்

பூஞ்சேரியில் நம் சகோதரிகள் அறிய வேண்டிய காட்சி ஒன்று நிகழ்ந்தது. இந்திய மகளிர் முதல் அணியில் ஆடிய ஹரிகா துரோணவல்லி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. பயணம், கூட்டம், மணிக்கணக்கில் அமர்ந்திருத்தல் எல்லாவற்றுக்கும் மருத்துவரின் ஆலோசனை பெற்று, ஆடக்கூடிய சுற்றுகளில் ஆடினார். பலகைக்கு எதிரே இருந்தவருக்கு அவர் நிலை ஒரு சலுகையன்று. காய்கள் யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை. பத்துச் சுற்றுகள் வரை முன்னணியில் இருந்த அந்த அணி, கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1-3 எனத் தோற்றது. உக்ரைன் தங்கத்தையும் ஜார்ஜியா வெள்ளியையும் எடுத்துச் செல்ல, நம்மவர்க்கு வெண்கலம். மகளிர் ஒலிம்பியாட்டில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுவே. அந்த ஆகஸ்டு மாதம் முடியுமுன் ஹரிகா ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார்.

அதே அணியின் மூத்த வீராங்கனை கோனேரு ஹம்பி, மகப்பேற்றுக்காக ஈராண்டு விலகியிருந்து, திரும்பி வந்து 2019-இல் உலக மகளிர் அதிவேகப் பட்டத்தை வென்றவர். 2024 டிசம்பரில் அதை மீண்டும் வென்றார். வைஷாலி 2023 டிசம்பரில் கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கான தகுதியை எட்டினார். உடன்பிறந்த அக்காளும் தம்பியும் கிராண்ட் மாஸ்டர்களாக விளங்குவது உலகில் அதுவே முதன்முறை. இந்தியப் பெண்களில் ஹம்பி, ஹரிகா ஆகியோருக்குப் பின் அவர் மூன்றாமவர். தம்பி அதே பட்டத்தைப் பெற்று ஐந்தாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் 'பிரக்ஞானந்தாவின் அக்காள்' என்றே அழைக்கப்பட்டு, பொறுமையாக ஆடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் சாதனை தம்பியுடையதினும் கடினமானது என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் ஒரு யானை

2023-ஆம் ஆண்டின் இறுதியில், உலக சாம்பியனுடன் மோதும் தகுதிக்கான கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம்பெறக் குகேஷுக்குச் சில புள்ளிகள் குறைவாயிருந்தன. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் டிசம்பர் மாதத்தில் 50 இலட்ச ரூபாய் பரிசுத்தொகையில் சென்னையில் ஒரு கிராண்ட் மாஸ்டர்கள் போட்டியை விரைந்து நடத்தியது. அதில் முதலிடம் பெற்ற குகேஷ் கேண்டிடேட்ஸில் நுழைந்தார். 2024 ஏப்ரலில் டொரன்டோவில் நடந்த அப்போட்டியில் 17 வயதில் வென்றார். இத்தனை இளம் வயதில் அதை வென்றவர் அதற்கு முன் யாருமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்டில் 45-ஆவது ஒலிம்பியாட். பூஞ்சேரியில் வெண்கலத்தோடு நின்ற இருபிரிவினரும் அங்கே தங்கம் வென்றனர். குகேஷ் பத்து ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகள் எடுத்தார். கைக்குழந்தையை ஈன்ற ஈராண்டில் ஹரிகாவின் கழுத்திலும் தங்கப் பதக்கம் ஏறியது.

பின்னர் சிங்கப்பூர். சீனாவின் டிங் லிரேனுடன் 14 ஆட்டங்கள். முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். மீண்டார், சமன் செய்தார், முந்தினார், மீண்டும் சமன். 13 ஆட்டங்களின் முடிவில் இருவரும் சரிசமம். டிசம்பர் 12-ஆம் நாள் கடைசி ஆட்டம் அமைதியாகச் சமனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். இரண்டாண்டுகளுக்கு முன் பூஞ்சேரியில் தன் கையிலிருந்து நழுவியது என்னவோ, அதுவே இப்போது எதிராளியின் கையிலிருந்து நழுவக் கண்டார் அந்த இளைஞர். 7.5-க்கு 6.5 என்ற கணக்கில் உலகப் பட்டம் வந்தது. வயது 18. 1985-இல் 22 வயதில் காஸ்பரோவ் படைத்த சாதனை முறிந்தது. வென்றவுடன் குகேஷ் காய்களை ஒவ்வொன்றாக அவற்றின் தொடக்கக் கட்டங்களில் அடுக்கி வைத்துக்கொண்டே கண்ணீர் விட்டார். வெளியே தந்தை காத்திருந்தார். 2013-இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியபோது பார்வையாளர் பகுதியிலிருந்து ஏழு வயதுச் சிறுவனாகக் கண்ணாடிக்கு அப்பால் கண்ட அதே பட்டம் அது.

தமிழக அரசு 5 கோடி ரூபாய் பரிசளித்தது. தந்தை ஒதுக்கி வைத்த மருத்துவ ஆண்டுகளுக்கு அது ஈடாகுமா என்றெல்லாம் கணக்குப் பார்ப்பது நமக்கு வேண்டாத வேலை.

பூஞ்சேரியில் அன்று குகேஷின் குதிரையை நையப் புடைத்த உஸ்பெக் அணியின் கதையும் அங்கேயே நிற்கவில்லை. அன்று பிரக்ஞானந்தாவிடம் தோற்ற ஜவோஹிர் சிந்தாரோவ், 2025 நவம்பரில் கோவாவில் நடந்த உலகக் கோப்பையை வென்றார். கோப்பைக்குச் சூட்டப்பட்ட பெயர் விசுவநாதன் ஆனந்த்.

இன்னொரு பெயரையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஆகஸ்டு 7-ஆம் நாள், தொலைக்காட்சிக் கருவிகள் எல்லாம் பூஞ்சேரியை நோக்கித் திரும்பியிருந்த வேளை. அன்று ருமேனியாவின் பாயா மாரே என்னும் ஊரில், எவர் கவனத்திலும் படாமல், சென்னைச் சிறுவன் பிரணவ் ஒரு திறந்தநிலைப் போட்டியில் தன் மூன்றாவது நார்மைப் பெற்று இந்தியாவின் 75-ஆவது கிராண்ட் மாஸ்டர் ஆனான். சொந்த மாநிலத்தில் உலகமே கூடியிருக்க, அவன் இருந்தது ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால். 2025 மார்ச்சில் மான்டினீக்ரோ நாட்டில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அவனே முதலிடம் பெற்றான்.